பயணத்தையும் ஆண்டையும் படத்தோடு குறித்து வைக்க எது ஏற்றது?

பங்குனிக் கடைசியில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்த என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்து, "அத்தை, வர்ற வருசம் போற ஊரு, வீட்டுல நடக்குறது எல்லாத்தையும் படம் போட்டு எழுதி வைக்கலாம்னு இருக்கேன். நோட்டு வாங்கவா, போன்லயே வச்சுக்கிடவா?" என்று கேட்டாள். "நோட்டே வாங்கு" என்று அப்போதைக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அவள் கேட்டது ஒரு சொல்லில் முடிகிற கேள்வியன்று. பயணங்களையும் ஓராண்டின் நிகழ்வுகளையும் படத்தோடு குறித்து வைப்பதற்குப் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றைக் காப்பாற்றி மற்றொன்றைக் கைவிடுகிறது. எதைக் கைவிடலாம் என்று தெரிந்த பிறகுதான் எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டில், பதினான்கு ஆண்டுகளாக இந்தப் பழக்கத்தை வைத்திருக்கிறேன். இடையில் முறையை நான்கு தடவை மாற்றியிருக்கிறேன். இரண்டு ஆண்டுகள் பாதியிலேயே நின்றும் போயின. அந்த அனுபவத்திலிருந்து, ஒப்பிடுவதற்கு மூன்று கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன். முதலாவது, ஐப்பசி மழையில் மின்சாரம் நின்று, உடலும் அலுத்துக் கிடக்கிற இரவிலும் அந்த முறை தொடருமா என்பது. சித்திரை மாதத்து உற்சாகத்தில் எந்த முறையும் தொடரும் என்பதால் அதைக் கொண்டு எதையும் மதிப்பிட முடியாது. இரண்டாவது, உப்புக் காற்றிலும் ஈரத்திலும் அது பத்தாண்டு தாங்குமா என்பது. மூன்றாவது, பத்தாண்டு கழித்துத் திறக்கும்போது, நாமாக நினைவுக்குக் கொண்டுவர முடியாத ஏதாவதொன்றை அது தருமா என்பது. அழகை நான் இந்தக் கேள்விகளில் சேர்க்கவில்லை. அழகு வேண்டாம் என்பதற்காகவன்று. அழகை முதல் நிபந்தனையாக வைத்துத் தொடங்கியவர்கள், நான் உட்பட, மூன்றாம் மாதத்தில் ஒரு பக்கம் கெட்டவுடன் நிறுத்திவிட்டோம் என்பதற்காக.

கைப்பேசியிலிருந்து தொடங்குவதே முறை, ஏனென்றால் அது ஏற்கெனவே எல்லார் கையிலும் இருக்கிறது. அதன் பலம் பெரியது. ஒரு படம் எடுத்த நாளையும் நேரத்தையும், அனுமதி கொடுத்திருந்தால் எடுத்த இடத்தையும், அது படத்தின் கோப்பிலேயே சேர்த்து எழுதிக்கொள்கிறது. முகங்களை அதைப் போல வேறெதுவும் காப்பாற்றாது. பாட்டியின் முகத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளலாம் என்று நம்பி ஒளிப்படம் எடுக்காமல் விடுவது பிழை. ஆனால் படத்தை வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும்போது அது சுருக்கப்பட்டு, நாளும் இடமும் பற்றிய அந்தக் குறிப்பும் நீங்கிவிடுகிறது. குடும்பக் குழுவில் வந்து சேர்ந்த படங்களைக் கொண்டு ஆண்டுப் பதிவைச் செய்யலாம் என்று எண்ணினால், எது எந்தப் பயணத்தில் எடுத்தது என்பதே குழம்பிப் போகும். மூலப் படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லிப் பெறுவதுதான் இதற்கு வழி.

இந்தக் கடலோரத்தில் கைப்பேசிக்கு வேறு எல்லைகளும் உண்டு. இராமேசுவரம் இராமநாதசுவாமி கோயிலுக்குள் அதைக் கொண்டுபோக அனுமதியில்லை. வெளியூரிலிருந்து வரும் உறவினர்களோடு ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை அங்கே போகிறோம். ஈரத் துணியோடு ஒரு தீர்த்தத்திலிருந்து மறு தீர்த்தத்துக்கு நடந்து இருபத்திரண்டிலும் நீராடுகிறோம். பிறகு மூன்றாம் பிரகாரத்தின் நீண்ட தூண் வரிசையைச் சுற்றி வருகிறோம். கைப்பேசிப் பதிவில் அக்கினி தீர்த்தக் கடலும் கோபுரமும் இருக்கும், அவற்றுக்கு இடைப்பட்ட அரை நாள் இருக்காது. உச்சிப்புளியில் இருக்கும் கடற்படையின் விமானத் தளம் போன்ற இடங்களின் அருகே படம் எடுக்கக் கூடாது என்பதும் பயணிகளின் நினைவில் இருக்க வேண்டும். அது வரைவதற்கும் பொருந்தும்.

இவற்றைவிடப் பெரிய குறையை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது; செங்குத்தாக மேலெழும் தூக்குப் பகுதியைக் கொண்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், இராமேசுவரம் போகிறவர்கள் மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ இரயிலைவிட்டு இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு பேருந்து பிடித்துச் சாலைப் பாலத்தைக் கடந்தார்கள். அந்நாட்களில் என் கைப்பேசியில் பழைய பாலமும் புதிய பாலமும் அருகருகே நிற்கும் படங்கள் நாற்பதுக்கு மேல் சேர்ந்தன. முதல் இரயிலைப் பிடிப்பதற்காக இராமேசுவரம் தீவிலிருந்து முந்திய இரவே வந்து எங்கள் திண்ணையில் படுத்திருந்த உறவினர்கள் அவற்றில் ஒன்றில்கூட இல்லை. அவர்கள் 2023-ஆம் ஆண்டு நோட்டில், திண்ணையில் வரிசையாகக் கிடக்கும் ஆறு பைகளின் படமாக, ஒவ்வொரு பையின் மேலும் எழுதிய பெயராகவும் பாம்பன், தங்கச்சிமடம் என்ற ஊராகவும் இருக்கிறார்கள். பாலத்தைக் கண்டால் கைப்பேசி தானாகக் கைக்கு வருகிறது. திண்ணையில் கிடக்கும் பைகளைக் கண்டால் வருவதில்லை.

ஆண்டு முடிவில் படங்களைத் தேர்ந்தெடுத்துப் புத்தகமாக அச்சிட்டுக்கொள்வது கைப்பேசிப் பதிவின் திருந்திய வடிவம். தேர்ந்தெடுக்கும் வேலைதான் இதில் தடை. ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு உட்கார்ந்தால் அது ஒருநாளும் முடியாது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஐந்து படங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டால், பங்குனியில் அறுபது படங்கள் தயாராக இருக்கும். நான் ஒரு தடவை அச்சிட்டு வாங்கினேன். படங்களின் கீழே எழுதிக் கொடுத்த தமிழ் வரிகளில், எழுத்துருச் சிக்கலால் கொம்பும் காலும் இடம் மாறி அச்சாகியிருந்தன. மாதிரிப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் விட்டது என் தவறு. வீட்டு அச்சுப்பொறியில் சாய மையால் அச்சிட்ட படம் ஈரம் பட்டால் கலங்கும். ஸ்டுடியோவில் ஒளிப்படத் தாளில் போட்டுத் தரும் பிரதியே நீடிக்கும். எந்த வடிவமானாலும், இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் இல்லாத படத்தை நான் இப்போது பதிவாகக் கணக்கில் கொள்வதில்லை. வள்ளத்திலிருந்து இறங்கும்போது கைப்பேசி உப்புநீரில் விழுந்து, மூன்று மாதப் படங்கள் போன பிறகு வந்த பழக்கம் இது.

அடுத்தது ஒட்டு ஏடு. பயணச்சீட்டு, கோயில் பிரசாதத்தோடு வந்த காகித உறை, திருவிழா அறிவிப்பு, கடை ரசீது ஆகியவற்றை ஒட்டி, ஓரத்தில் இரண்டு வரி எழுதுவது. வரையத் தெரியாது என்று தயங்குகிறவர்களுக்கு இது மிகவும் பிடிக்கிறது. எனக்கும் பிடித்துத்தான் மூன்று ஆண்டுகள் செய்தேன். ஆனால் இன்று பேருந்தில் கையடக்கக் கருவியிலிருந்து அச்சிட்டுத் தரும் சீட்டு வெப்பத்தாளால் ஆனது. அதில் மை கிடையாது; தாளின் மேற்பூச்சு சூட்டால் கறுத்து எழுத்தாகிறது. வெயிலும் புழுக்கமும் பட்டால் அந்த எழுத்து மங்கிக்கொண்டே போய் வெற்றுத் தாளாகிறது. சில பசைகளும் அதை விரைவாக அழிக்கின்றன. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு திருவிழாவுக்குப் போன ஆண்டில் ஒட்டிய ஒன்பது சீட்டுகளில் இன்று படிக்க முடிவது ஒன்றுமில்லை. நடத்துநர் கட்டிலிருந்து கிழித்துத் தந்த பழைய வண்ணத்தாள் சீட்டுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஆகையால் சீட்டை ஒட்டுகிறவர்கள், புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், நாள், கட்டணம் ஆகியவற்றைச் சீட்டின் கீழே பென்சிலால் எழுதிவிட வேண்டும். அல்லது அசலுக்குப் பதிலாக நகலை ஒட்ட வேண்டும்.

பசையும் இங்கே ஒரு சிக்கல். மைதாப் பசை இராமபாணப் பூச்சியையும் கரப்பானையும் வரவழைக்கிறது. செல்லோ டேப் சில ஆண்டுகளில் பழுத்து, பசை தாளுக்குள் ஊறிக் கறையாகிறது. வெள்ளைப் பசையை மிக மெல்லிதாக, நான்கு மூலைகளில் மட்டும் தடவுவது நல்லது. ஒட்ட ஒட்ட ஏடு தடித்து அட்டை விரிந்துகொள்ளும், அந்த இடைவெளியில் வாடைக்காலத்து ஈரம் புகும் என்பதால், ஒரு தாள் விட்டு ஒரு தாளைக் கிழித்து எடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கடற்கரையில் பொறுக்கியவற்றை ஒட்டுவதைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பவளத் துண்டுகளை எடுத்து வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சங்கு, சிப்பி வகைகளிலும் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்றவை உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. கரையில் கிடந்த பவளத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அதன் உருவை நோட்டில் வரைந்துகொள்வதே சரியானது.

மாத காலண்டரில் குறிப்பதையும் அஞ்சலட்டை முறையையும் சுருக்கமாகவே பார்க்கலாம். பால் கணக்கு எழுதுவதுபோல, காலண்டரின் நாள் கட்டத்துக்குள் நகக்கண் அளவுக்கு ஒரு சின்னம் போடுவது முதலாவது: மழைக்குக் குடை, பயணத்துக்குப் பேருந்து, விருந்தாளிக்குச் செருப்பு. ஐப்பசி இரவுக் கேள்வியில் இதற்கே முழு மதிப்பெண். அரை நிமிடம் போதும். தமிழ் மாதமும், அமாவாசையும், பிறையும் அதிலேயே அச்சாகி இருப்பது கூடுதல் நன்மை. ஆனால் அந்தச் செருப்பு யாருடையது என்பதை அடுத்த ஆண்டே மறந்துவிடுகிறோம். போகும் ஊரிலிருந்து தன் முகவரிக்கே ஓர் அஞ்சலட்டையில் படம் வரைந்து அனுப்புவது இரண்டாவது. 14 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் உள்ள அட்டையில் ஒரு சிறு படமும் நான்கு வரியும் அடங்கும். அஞ்சலக முத்திரை ஊரையும் நாளையும் சான்றுபோலப் பதித்துக் கொடுக்கும். வேலை நிமித்தமாக அடிக்கடி ஊர் மாறுகிறவர்களுக்கு இது நல்ல முறை. வீட்டிலேயே கழியும் மாதங்களுக்கு இதில் இடமில்லை.

வழிவரைபட முறைக்கு இன்னும் கொஞ்சம் இடம் தர வேண்டும். பெரிய தாள் ஒன்றில் இராமநாதபுரம் கடற்கரையை முதலிலேயே வரைந்து வைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் போன வழிகளை ஒவ்வொரு நிறக் கோடாக அதில் சேர்த்துக்கொண்டே போவது இது. வடக்கே தொண்டியும் காரங்காடும் தேவிபட்டினமும், தெற்கே கீழக்கரையும் ஏர்வாடியும் வாலிநோக்கமும், கிழக்கே கடலுக்குள் நீளும் தீவும், அதன் நுனியில் அரிச்சல்முனையும் என்று இந்தக் கரையின் வடிவம் வரைவதற்கு எளியது. ஒரு தடவை போட்டுவிட்டால் கண்ணை மூடிக்கொண்டும் வரும். எத்தனை தடவை போனோம் என்பதைக் கோடுகளின் தடிமனே சொல்லிவிடும். 2021-இல் நான் போட்ட படத்தில் மண்டபத்திலிருந்து இராமநாதபுரம் மருத்துவமனைக்குப் போன கோடுகள் மட்டும் கயிறு போலத் திரண்டிருக்கின்றன. அது அம்மா உடல்நலமில்லாமல் இருந்த ஆண்டு. வேறு எந்த முறையும் அதை அவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்காது. ஆனால் வரைபடத்துக்கு இடம் தெரியும், காலம் தெரியாது. எது முன், எது பின் என்பதை அது சொல்லாது. தனி முறையாக அல்லாமல், நோட்டின் நடுவிரிப்பில் ஆண்டுக்கு ஒரு வரைபடமாக அதைச் சேர்த்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

இனி, கையால் வரைந்து எழுதும் நோட்டு. வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் இது என்ற எண்ணத்தை முதலில் விலக்க வேண்டும். வைகை கடலைத் தொடும் இடத்துக்கு அருகேயுள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், கப்பல் உருவம் கீறப்பட்ட பானை ஓடு ஒன்று கிடைத்தது. உரோம நாட்டோடு வணிகம் நடந்த காலத்தது அது. கூரான எதையோ கொண்டு, உடற்பகுதிக்குச் சில கோடும் பாய்மரத்துக்குச் சில கோடும் இழுத்திருக்கிறார்கள். அந்தக் கை தேர்ந்த ஓவியனின் கையா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கரைக்கு எவ்வகைக் கப்பல் வந்தது என்பதை அந்தக் கோடுகளிலிருந்து இன்று அறிகிறோம். ஆண்டு நோட்டுக்கு வேண்டியதும் அந்த அளவு வரைதல்தான். நாட்டுப்படகையும் விசைப்படகையும் வேறுபடுத்திக் காட்டும்படி கோடு விழுந்தால் போதும்.

ஒரு பக்கத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கும் முன்மாதிரி இங்கேயே இருக்கிறது. இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துச் சுவர்களில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஓவியங்கள் உள்ளன. சேதுபதியின் அரசவை, போர், இராமாயணக் காட்சிகள் என்று சுவரைப் பட்டைகளாகவும் கட்டங்களாகவும் பகுத்துத் தீட்டியிருக்கிறார்கள். பெரிய வெற்றுப் பரப்பு அச்சுறுத்தும், சிறு கட்டம் அச்சுறுத்தாது. ஒரு பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டேன். மூன்று கட்டங்களில் படம், ஒன்றில் எழுத்து. நாளுக்கு ஒரு பக்கம் என்று தொடங்கிய இரண்டு ஆண்டுகளும்தான் பாதியில் நின்றவை. வாரத்துக்கு ஒரு பக்கம் என்றால் ஆண்டுக்கு 52 பக்கம். ஒரு வாரம் தவறினாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமாக எழுதிவிடலாம். பத்து நாள் தவறிய தினக்குறிப்பைப் போல அது மனத்தை அழுத்துவதில்லை.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. சனவரி இந்தக் கரைக்குத் தொடக்கமன்று. சித்திரை முதல் நாளுக்கு அடுத்த நாளான ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, சூன் 14 வரை 61 நாள் நீடிக்கிறது. படகுகள் கரையேறுகின்றன, பலகைகள் மாற்றப்படுகின்றன, புதுச் சாயம் பூசப்படுகிறது; மீன் சந்தையில் நாட்டுப்படகு மீன் மட்டும் வருகிறது. அதிலிருந்து தொடங்கினால், நுங்குக் காலம், தடை நீங்கிய முதல் நாள் கிடைக்கும் மீன்பாடு, ஆடி அமாவாசைக்கு சேதுக்கரையிலும் தேவிபட்டினத்திலும் கூடும் கூட்டம், ஐப்பசி மழை, குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கத்து ஆழமற்ற நீரில் நிற்கும் பூநாரைகள், மாசியில் சாலையோரம் சிவப்பாகக் காயும் குண்டு மிளகாய், கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமை என்று ஆண்டு ஒரே ஓட்டமாக அமைகிறது. சனவரியில் தொடங்கும் நோட்டில் இந்த ஓட்டம் நடுவே அறுபட்டுவிடுகிறது.

இந்த நோட்டில் நான் மிகவும் போற்றுகிற பகுதி, பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு சிறு சதுரங்கள். மண்டபத்துக்காரர்களுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்கிறோம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் தெற்குக் கடல் கலங்கிப் பொங்குகிறது, வடக்குக் கடல் குளம்போல் கிடக்கிறது. வாடை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இது மாறுகிறது. ஞாயிறு மாலை இரண்டு கரைக்கும் நடந்துபோய், அன்றைய நிறத்தை வண்ணப் பென்சிலால் கடலுக்கொரு சதுரத்தில் தீட்டுகிறேன். இடப்பக்கம் பெண்கடல், வலப்பக்கம் ஆண்கடல். கைப்பேசி வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாகவே சரிசெய்துவிடுவதால், அதன் படங்களில் கடல் எப்போதும் ஏறக்குறைய ஒரே நீலமாக இருக்கிறது. கையால் தீட்டிய 104 சதுரங்களை ஆண்டு முடிவில் புரட்டினால், காற்று திரும்பிய வாரம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆண்டுக்கு ஆண்டு அந்த வாரம் முன்பின்னாக நகர்வதும் தெரிகிறது. நான் கேட்ட மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை.

கோயிலுக்குள் விட்டுப்போன அரை நாளையும் இந்த முறைதான் நிரப்புகிறது. வெளியே வந்து, துணி மாற்றி, தேநீர் குடிக்கும்போது நினைவிலிருந்து வரைகிறோம். தூண்களின் எண்ணிக்கை தவறும், சிற்பம் தவறும். வாளியில் நீரெடுத்து ஊற்றியவர் எந்தக் கையால் கயிற்றைப் பிடித்தார், எந்தத் தீர்த்தத்தில் சின்னம்மா வழுக்கப் பார்த்தார் என்பவை தவறுவதில்லை.

பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில் கடற்கரை வீட்டுக்கென்று தனிக் கவனம் வேண்டும். ஸ்டேப்பிள் பின் அடித்த நோட்டும், இரும்புச் சுருள் கோத்த நோட்டும் உப்புக் காற்றில் இரண்டு ஆண்டில் துருப்பிடித்து, நடுத்தாளைச் செந்நிறமாக்கி அறுத்துவிடும். நூலால் தைத்து, கெட்டி அட்டை போட்ட கணக்குப் பேரேடு வகைதான் நீடிக்கிறது. அது விரித்தால் தட்டையாகவும் கிடக்கும். சாதாரணப் பள்ளி நோட்டின் தாள் 60 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) அளவில் இருக்கும், அதில் பென்சிலும் பால்பாயிண்ட் பேனாவும் போதும், நீர்வண்ணம் கூடாது. நீர்வண்ணம் தீட்ட விரும்புகிறவர்கள் 200 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாத தாளுக்குப் போக வேண்டும். அத்தகைய நோட்டு கனமாகி, பயணப் பையில் ஏறாமல் வீட்டிலேயே தங்கிவிடுகிறது என்பதால், ஆண்டு நோட்டுக்கு நான் அதைச் சொல்வதில்லை. மெழுகு வண்ணம் சித்திரை வெயிலில் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறுவதோடு, சில ஆண்டில் வெளுத்தும் போகும். மை பேனாவிலும் சில ஜெல் பேனாக்களிலும் உள்ள சாய மை ஒரு துளி நீரில் கரையும். கரைவலை இழுப்பதை ஓலைக்குடாவில் நின்று எழுதிய என் இரண்டு பக்கங்கள், அலைத்துளி பட்டு நீலப் புகையாகிவிட்டன. 2பி பென்சிலின் கரி நீரிலும் கரையாது, வெயிலிலும் வெளுக்காது; கை பட்டால் தேயும் என்பது ஒன்றே குறை. ஆகவே படத்துக்குப் பென்சில், எழுத்துக்குப் பால்பாயிண்ட், நிறத்துக்கு வண்ணப் பென்சில். இந்த மூன்றும் சட்டைப் பையில் அடங்கும்.

முடிந்த நோட்டைச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்கக் கூடாது; மழைக்காலத்தில் சுவரின் ஈரம் முதலில் அட்டையில்தான் பூஞ்சையாகத் தெரியும். மூடியுள்ள பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, தை மாதத்து உலர்ந்த வெயில் நாளில் வெளியே எடுத்து நிழலில் விரித்து ஆற்றுவது வழக்கமாக வேண்டும். சுவடி காத்தவர்கள் பயன்படுத்திய வேப்பிலையையும் வசம்பையும் நானும் போட்டு வைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு தடவை எல்லாப் பக்கத்தையும் கைப்பேசியால் படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமித்துக்கொள்கிறேன். கைப்பேசி இந்த வேலைக்குப் பொருந்துவதுபோல் வேறெதற்கும் பொருந்துவதில்லை.

எனவே என் தேர்வு இது. அடிப்படை, வாரத்துக்கு ஒரு பக்கம் கையால் வரையும் நூல் தைத்த நோட்டு. அதன் நடுவிரிப்பில் வழிவரைபடம். முகங்களுக்காக, மாதத்துக்கு ஓர் ஒளிப்படத்தை ஸ்டுடியோவில் பிரதி போட்டு, அந்த மாதத்தின் கடைசிப் பக்கத்தில் மூலைகளில் மட்டும் ஒட்டுதல். ஆனால் எல்லார்க்கும் இதுவே என்று சொல்ல மாட்டேன். கை நடுக்கமுள்ள முதியவர்களுக்கு மாத காலண்டர் போதும். கடலுக்குப் போகும் வீடுகளில் மீன்பாட்டையும் காற்றையும் காலண்டரில் குறிப்பது ஏற்கெனவே பலருக்குப் பழக்கம், அதில் ஒரு சிறு படத்தைச் சேர்ப்பது மட்டுமே புதிது. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒட்டு ஏடு தருவது நல்லது. ஒட்டிய பொருளைச் சுற்றி அவர்கள் தாமாகவே வரையத் தொடங்குவார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில், அந்த ஓராண்டுக்குக் கைப்பேசிப் படமும் அச்சுப் புத்தகமும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

அண்ணன் மகள் இராமநாதபுரத்தில் பேரேடு வாங்கி, சித்திரை இரண்டாம் நாள் வடக்குக் கரையில் என்னோடு உட்கார்ந்து முதல் பக்கத்தைப் போட்டாள். கரையேற்றிய ஐந்து படகு, ஒன்றின் அடியில் படுத்துத் தூங்கும் நாய், "தடைக்காலம் முதல் நாள்" என்ற வரி, இரண்டு சதுரம். பிறகு, "சூன்ல மதுரைக்குப் போயிட்டா இந்த ரெண்டு கட்டத்துக்கு என்ன செய்ய அத்தை?" என்று கேட்டாள். மதுரை வழியாக ஓடும் வைகை, வந்து சேரும் இடம் நம் கரைதான். ஆகவே ஞாயிறு மாலை அவள் பாலத்தில் நின்று, நீரோ மணலோ, வைகையில் தெரியும் நிறத்தைத் தன் நோட்டில் ஒரு சதுரமாகத் தீட்டுவது, நான் இரண்டு கடலையும் என் நோட்டில் தீட்டுவது, விடுமுறைக்கு வரும்போது அவள் வலப்பக்கத்துச் சதுரத்தை என் நோட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்வது என்று பேசி வைத்திருக்கிறோம்.